பேய் காட்டிய வழி

இன்று குடும்பத்தோடு தொப்பூர்ப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போயிருந்தோம். போன வருடம் வந்த ஞாபகத்தில், ராட்டினத்துக்குப் பின்னால் இருக்கும் கழிவறைக்கு அவசரமாக ஓடினேன்.

வாசலில் ஒருவர் டிக்கெட் கேட்டார். பாத்ரூமுக்குமா டிக்கெட் என்று சண்டை போட்டுவிட்டு உள்ளே போனேன்.

ஒரே இருட்டு. அதே வாஷ்பேசின், அதே வரிசைக் கதவுகள். ஒன்றைத் திறந்தால் வெள்ளைச் சேலையில், தலைவிரி கோலமாக ஓர் உருவம்!

நான் போட்ட அலறலில் அதுவே பதறிப்போய்ச் சவுரியைக் கழற்றியது. மீசை வைத்த ஆள்.

"பாத்ரூமுங்களாக்கா? எதுத்தாப்புல இருக்குதுங்க. இது இப்ப பேய் வூடு."

"அப்போ பழைய பேய் வீடு?"

"அதுதாங்க இப்ப பாத்ரூம். இங்க லைட்டு எரியாம எல்லாரும் பயந்தாங்க. சரி, இப்படியே இருக்கட்டும்னு ரெண்டையும் மாத்திட்டாங்க."

எதிரே ஓடினேன். நல்ல வெளிச்சம், புது டைல்ஸ். நிம்மதியாகத் தாழ்ப்பாள் போட்டதும் தலைக்கு மேலே யாரோ கெக்கலித்துச் சிரித்தார்கள். மறுபடியும் அலறினேன்.

வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மா ஒருவர் குரல் கொடுத்தார். "பயப்படாத கண்ணு, அது பழைய ஸ்பீக்கரு. கழட்ட மறந்துட்டாங்க."

இரண்டில் எதற்கு டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.