என் மகளை யாராவது பார்க்கட்டும் என்று கேட்ட துஆ

சகோதரிகளே, உங்கள் எல்லோர் வீட்டிலும் அமைதி நிலவட்டும். என் பெயர் ஜமீலா. திருமலைராயன்பட்டினத்தில் இருக்கிறேன். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் பட்டதைச் சொல்லாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது.

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை வைத்திருக்கும் தாய் என்ன செய்வாள்? கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பாள். என் மகள் சுமையாவுக்கு மூன்று வயது ஆகும்வரை நான் அதைத்தான் செய்தேன். கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போனது. தெருக்கோடியில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை.

காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் ஓடி வருகிற பிள்ளை, அது எனக்கே தெரியும். தண்ணீர் வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்க மாட்டாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சொம்பின் மேல் வைப்பாள். என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். வாசலில் கிடக்கும் செருப்புகளை எல்லாம் வரிசையாக அடுக்குவாள். அதில் ஒன்று நகர்ந்தாலும் தலையைத் தரையில் மோதிக்கொள்வாள்.

இதைச் சொன்னால் யார் கேட்டார்கள்? நம் ஊரில் எல்லோரும் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரர், "பொம்பளப் புள்ளதானே, பேச ஆரம்பிச்சா நிறுத்தாது பாரு" என்றார். இன்னொருவர் நாக்கில் தேன் தடவச் சொன்னார். ஓதிய தண்ணீர் கொடுத்தேன், கண்ணேறு கழித்தேன், எதையும் விடவில்லை. என் வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். வீடியோ காலில் பத்து நிமிடம் பார்க்கிற அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். "நானும் அஞ்சு வயசு வரைக்கும் பேசலயாம் புள்ள. நீ செல்போனப் பாத்துக்கிட்டு கண்டதையும் யோசிக்கிற" என்றார். அவர் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் உம்மா கூப்பிட்டால் திரும்பிப் பார்த்திருப்பார் அல்லவா? அதைக் கேட்டால் லைன் கட்டாகிவிடும்.

கடைசியில் நானே காரைக்காலில் உள்ள ஒரு மையத்துக்குப் போனேன். அங்கே கவிதா என்ற மேடம் இருந்தார். பிள்ளையை விளையாட விட்டுப் பார்ப்பார்களாம். பெற்றவர்களிடமும் கேட்பார்களாம். கண்ணைப் பார்க்கிறதா, சுட்டிக் காட்டுகிறதா, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எப்போதாவதா, அடிக்கடியா, எப்போதுமா என்று மார்க் போடுவார்களாம். மொத்தமாகக் கூட்டினால் ஆட்டிசமாக இருக்கக்கூடுமா என்று தெரியுமாம். மார்க் ஒரு அளவைத் தாண்டினால் உடனே பயிற்சி தொடங்க வேண்டும். "சின்ன வயசுல தொடங்கினா நிறைய முன்னேற்றம் பார்க்கலாம்மா. வீட்ல எப்படி இருக்காளோ அப்படியே கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்.

அப்படியே கூட்டிக்கொண்டு போகத்தான் நினைத்தேன். என் லாத்தா, அதுதான் என் அக்கா, விட்டால்தானே!

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான். உம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு முன்கட்டு என் அக்காவுக்கு, பின்கட்டு எனக்கு என்று ஆனது. வாசல் ஒன்றுதான். லாத்தாவின் மகளுக்கு அப்போது நாகூரில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மார்க் கூடினால் ஆபத்து என்று கேள்விப்பட்டதும், வந்த சம்பந்தம் போய்விடுமே என்று லாத்தா நடுங்கிப்போனாள். நம் பக்கத்தில் பெண் பார்க்க வருகிற மாமிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடையைப் பார்ப்பார்கள், சிரிப்பைப் பார்ப்பார்கள், எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் சரியாக வருகிறதா என்று பார்ப்பார்கள். லாத்தாவுக்குத் தெரிந்த பரீட்சை அது ஒன்றுதான். இதையும் அப்படியே நினைத்துவிட்டாள்.

நான் காலையில் காரைக்காலில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். நான் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் லாத்தா சுமையாவைத் தயார் செய்தாள். தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, "பேரு என்ன? வயசு என்ன? யாரு கூட வந்தே? என்ன புடிக்கும்?" என்று கேட்டு, பதில் சொன்னால் ஒரு பேரீச்சம்பழம். என் பிள்ளைக்குக் கேட்டதை அப்படியே ஒப்பிப்பது கைவந்த கலை. நான் மதியம் வந்து பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சுமையா. மூணு வயசு. உம்மா. ஐஸ்கிரீம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"லாத்தா, அவங்க உள்ளத உள்ளபடி பாக்கணும்னு சொல்றாங்க. நீ ஏன் இப்படிப் பண்றே?" என்று கேட்டேன்.

"நீ சும்மா இருடி. பாக்க வர்றவங்ககிட்ட கொறைய யாராச்சும் எடுத்து வைப்பாங்களா?" என்றாள்.

அந்த நாள் வந்தது. லாத்தாவும் கிளம்பினாள். ஜிகினா வைத்த சட்டை, கொலுசு, கண்ணுக்கு மை. எனக்கு ஒரே எரிச்சல். மேடம் பெயரைக் கேட்டார், சுமையா சொன்னாள். வயதைக் கேட்டார், சொன்னாள். லாத்தாவின் முகத்தில் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! என்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் லாத்தாவே பதில் சொன்னாள். "தலைய முட்டிக்குவாளா?" "சீச்சீ, அதெல்லாம் கெடையாது மேடம்." "கூப்பிட்டா திரும்புவாளா?" "ஓடி வருவா மேடம்." நான் வாயைத் திறந்தபோது, "இவ புருசன் வெளிநாட்ல இருக்கார் மேடம், எதுக்கெடுத்தாலும் பயப்படுவா" என்று என் வாயையும் அடைத்துவிட்டாள். மேடம் என்னையும் லாத்தாவையும் மாறி மாறிப் பார்த்தார். மார்க் கூட்டினார். அளவுக்குக் கீழேதான் இருந்தது. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார்.

வீட்டில் அன்று இனிப்புக்கு வட்டிலப்பம். சொந்தக்காரர்கள் எல்லோரும் போன் செய்து, "அல்லாஹ் துஆவ கபூலாக்கிட்டான்" என்றார்கள். யாருடைய துஆவை ஏற்றுக்கொண்டான்? வட்டிலப்பத்தை லாத்தா பங்கு வைத்துக்கொண்டிருக்கும்போதே யாரோ செருப்பை நகர்த்தியிருக்கிறார்கள். சுமையா தலையை மோதிக்கொண்டு நெற்றி வீங்கிக் கிடந்தாள். நான் ஐஸ் கட்டியை வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதம்! இந்தப் பிள்ளையோடு ஆறு மாதம் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமாம், மார்க் நன்றாக இருப்பதால்.

அன்று சாயந்தரம் அஸர் தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பில் அப்படியே உட்கார்ந்தேன். உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, நான் அன்று கேட்டது துஆவா சண்டையா என்று எனக்கே தெரியாது. "யா அல்லாஹ், இத்தனை நாளா மார்க் கொறையணும், கொறையணும்னு எல்லாரோடயும் சேந்து நானும் கேட்டேன். கொறைச்சுட்டே. யாருக்கு என்ன பிரயோஜனம்? எனக்கு மார்க் வேணாம். நீ எல்லாத்தையும் பாக்குறவன். நான் பாக்குறத இன்னும் ஒரே ஒரு ஆளு கண்ணுக்குக் காட்டு. ஒரு ஆளு போதும். என்னால தனியா முடியல." இப்படித்தான் கேட்டேன். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு கோபம்.

அந்த வாரமே வியாழக்கிழமை கடையில் இருக்கும்போது போன். கவிதா மேடம். "உங்க பொண்ணப் பத்தி ஒரு சந்தேகம் மனசுல இருந்துக்கிட்டே இருக்கும்மா. அன்னிக்கு நடுவுல கேள்விய மாத்திக் கேட்டேன். சாப்பிட்டியான்னு கேட்டா மூணு வயசுன்னு சொன்னா. எனக்கு அப்பவே நெருடுச்சு. நாளைக்கு சாயந்தரம் பட்டினத்துக்கு ஒரு வேலையா வர்றேன். வீட்ல வச்சு ஒரு தடவ பாக்கட்டுமா?"

வாங்க மேடம் என்று சொல்லி வைத்த பிறகுதான் நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை சாயந்தரம்தான் நாகூர்க்காரர்கள் பெண் பார்க்க வருகிறார்கள்.

லாத்தாவிடம் சொன்னேன். வீடே இரண்டானது. "வர வேணாம்னு சொல்லுடி! எம் பொண்ணு வாழ்க்கடி இது" என்று கத்தினாள்.

"எம் புள்ளைக்கு வாழ்க்கை இல்லையா லாத்தா?" என்றேன். கடைசியில், சுமையாவைப் பின்கட்டில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும், மேடம் வந்ததும் சத்தமில்லாமல் உள்ளே அழைத்துப் போக வேண்டும் என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா, அவருடைய தங்கைகள், இன்னும் யார் யாரோ. வாசல் நிறைய செருப்பு. நான் பின்கட்டில் பிள்ளையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடத்தின் குரல் கேட்டதும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். அவ்வளவுதான். சுமையா என் கைக்குக் கீழே புகுந்து வாசலுக்கு ஓடிவிட்டாள்.

அவளுக்குப் பெருநாள்தான். ஒவ்வொரு செருப்பாக எடுத்து வாசலில் இருந்து கூடம் வரைக்கும் அடுக்கத் தொடங்கினாள். வந்தவர்களின் கால் பக்கமெல்லாம் செருப்பு வரிசை. மாப்பிள்ளையின் உம்மா சிரித்துக்கொண்டே, "இங்க வா தங்கம், இது யாரு செருப்பு?" என்று கேட்டார். சுமையா திரும்பாமலே, "சுமையா. மூணு வயசு. உம்மா. ஐஸ்கிரீம்" என்றாள். யாரோ சிரித்தார்கள். வந்தவர்களில் ஒருவர் தன் செருப்பை வரிசையில் இருந்து எடுத்தார். என் பிள்ளை போட்ட அலறலில் கூடமே உறைந்துபோனது. தரையில் தலையை மோத ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய் அவள் தலைக்கும் தரைக்கும் நடுவில் என் கையைக் கொடுத்தேன். கை வலித்தது. எடுக்கவில்லை.

எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். லாத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் மட்டும் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். உதவிக்கு வராமல் இப்படி நிற்கிறாரே என்று முதலில் அவர் மேலும் எரிச்சல் வந்தது. பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் வேடிக்கை பார்க்கவில்லை. நான் மூன்று வருடமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அல்லாஹ் நான் கேட்டதைத் தந்துவிட்டான். இத்தனை பேரைக் கூட்டிவைத்துத் தருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வந்தவர்கள் போன பிறகு மேடம் பின்கட்டில் உட்கார்ந்து எல்லாக் கேள்வியையும் முதலில் இருந்து கேட்டார். இந்த முறை நானே பதில் சொன்னேன். எப்பவுமே மேடம். அடிக்கடி மேடம். எப்பவுமே. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிக்கொண்டே போனது. அன்று பார்த்ததையும் சேர்த்து மார்க் கூட்டினார். "அளவத் தாண்டிடுச்சும்மா" என்று மெதுவாகச் சொன்னார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். மேடம் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். இந்தச் செய்தியைக் கேட்டு யாரும் அவர் முன்னால் இறைவனுக்கு நன்றி சொன்னதில்லை போலும்.

பெரிய டாக்டரும் பார்த்து ஆட்டிசம்தான் என்று உறுதி செய்தார். பயிற்சி தொடங்கியது. வாரத்தில் சில நாட்கள் மையத்தில், மற்ற நாட்கள் வீட்டில் நான். என் வீட்டுக்காரர் இந்த முறை லீவில் வந்தபோது தானே மையத்துக்குக் கூடப் போனார். அதன் பிறகு அவரிடம் இருந்து "நானும் பேசலயாம்" என்ற கதை வரவில்லை.

நாகூர்க்காரர்கள் திரும்பப் பேசவே இல்லை. லாத்தா நோன்புப் பெருநாள் வரைக்கும் என் முகத்தில் விழிக்கவில்லை. அவள் மகள்தான், "செருப்பப் பாத்துப் பயந்து ஓடுற வீட்டுக்கு நான் போயி என்ன பண்ணப் போறேன் சாச்சி" என்று சொல்லிச் சிரித்தாள். இப்போது வரன் பேச வருகிற தரகரிடம் லாத்தா எடுத்தவுடனே சொல்லிவிடுகிறாள்: "எங்க வீட்ல ஒரு புள்ள இருக்கு. சத்தம் போடும். ஒத்துக்கிறவங்கள மட்டும் கூட்டிட்டு வாங்க." என் லாத்தாவா இது என்று நானே அசந்துபோனேன்.

சுமையாவுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். இன்னும் மிக்ஸி ஓடினால் அலறுகிறாள். இன்னும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் போன மாதம் காரைக்கால் கடற்கரைக்குப் போயிருந்தோம். ஒருவர் பட்டம் விற்றுக்கொண்டிருந்தார். வானத்தில் ஒன்று உயரத்தில் நின்றது. சுமையா விரலை நீட்டி அதைக் காட்டினாள். காட்டிவிட்டு, நான் பார்க்கிறேனா என்று திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் பேரீச்சம்பழம் கொடுக்கவில்லை. என் மகள் எனக்கு ஒன்றைக் காட்டினாள். நான் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சகோதரிகளே, இங்கேயும் யாராவது ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கலாம். உன் கண்ணை நம்பு. பிள்ளையை இருக்கிறபடி கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. அல்லாஹ்விடம் கேள். அழகான வார்த்தை வரவில்லையா, பரவாயில்லை. கோபமாக இருந்தால் கோபமாகவே கேள். அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.