‘இருக்கிறார்’ எண்டு எழுதுங்கோ

நான் எழுதி அனுப்பிய தாள் திரும்பி வந்தபோது அதில் சிவப்புப் பென்சிலால் வட்டங்கள் போடப்பட்டிருந்தன. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் ஆங்கில வினைச்சொல். ஓரத்தில், ஒரே காலத்தில் எழுதவும் என்று ஒரு குறிப்பு. நான் அப்போது ஊர்காவற்றுறையில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் கட்டுரைகளில் அதே மாதிரி வட்டம் போடுகிறவள். ‘நேற்று’ என்று தொடங்கிய கதை நடுவில் ‘போகிறேன், வருகிறேன்’ என்று தடம் மாறினால் விடமாட்டேன். என் எழுத்தில் இன்னொருவர் வட்டம் போட்டிருந்ததைப் பார்க்க முகம் சுட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது; கடற்படை வள்ளக்காரரைப் பிடித்துக்கொண்டு போன காலம். கடலுக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரை கரையில் யாருக்கும் நிலைகொள்ளாது. அப்படிப் போன ஒருவரின் வெறும் வள்ளம் நயினாதீவுப் பக்கம் ஒதுங்கியது. ஆளைக் காணவில்லை. அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவவின் மகள் என்னிடம் படித்தாள். காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, அங்கே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று யாரோ சொல்ல, அக்கா என்னிடம் வந்தா. கூடவே கணவரின் தமையனும் வந்திருந்தார். நான் கேள்வி கேட்டேன், இருவரும் மாறி மாறிப் பதில் சொன்னார்கள், கேட்டபடியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.

தாள் திரும்பி வந்ததும் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். அலுவலகத்தில் இருந்த எழுதுவினைஞர் வயதானவர், அமைதியானவர். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“ரீச்சர், ஒரு வரியில இவர் உயரமானவராய் இருந்தார் எண்டு இருக்கு. அடுத்த வரியில இவருக்கு இடது காது கேக்காது எண்டு இருக்கு. ஆள் இருக்கிறாரோ, இல்லையோ? இருக்கிறார் எண்டால் தடுப்பு முகாமுகளுக்குப் போறவையளிட்டக் குடுப்பம். இல்லையெண்டால் அது வேற அலுவல், இறப்புப் பதிவுக்குப் போகும். இதை நான் எங்க வைக்கிறது?”

திரும்பி வரும் வழியெல்லாம் தாளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வேலணை தாண்டும்போதுதான் பிடிபட்டது. தமையன் சொன்ன வரிகளெல்லாம் ஒரு காலம். அக்கா சொன்ன வரிகளெல்லாம் இன்னொரு காலம். தமையன் கெட்டவர் அல்ல. மாதா கோயிலில் தம்பியின் ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்து, அழவேண்டியதை அழுது முடிக்கவேண்டும் என்று நினைத்தார். அக்கா துக்கத்துக்கான கறுப்புச் சீலை உடுக்க மறுத்துக்கொண்டிருந்தா. வீட்டில் நடந்த சண்டைதான் என் வாக்கியங்களுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

அடுத்த நாள் அக்கா தனியாக வந்தா. வகுப்பறைக் கதிரையின் நுனியில் இருந்தா. சேலைத் தலைப்பை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தா.

“முழுக்க ஒரே மாதிரி எழுதவேணுமாம் அக்கா. நிகழ்காலமோ, இறந்தகாலமோ.”

“அதென்ன ரீச்சர் பேர், இறந்தகாலம்?”

எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதிய சொல். அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது.

“நடந்து முடிஞ்சதுக்குச் சொல்லுறது, அக்கா.”

“போனதைப் போனவர் எண்டு எழுதுங்கோ. அது நடந்து முடிஞ்சதுதான். ஆனா ஆளை இருந்தவர் எண்டு எழுதாதேங்கோ. இருக்கிறார் எண்டு எழுதுங்கோ.”

இலக்கணப்படி அவ சொன்னது சரி. அப்படியே எழுதினேன். அவர் உயரமானவர். கழுத்தில் மாதாவின் உத்தரியம் போட்டிருக்கிறார். இடது காது கேட்காது. வலப்பக்கம் நின்றுதான் கூப்பிடவேண்டும். கடைசி விவரம் தேவையில்லை என்று நினைத்தேன். அக்கா விடவில்லை. தமையனுக்கு இது தெரிந்தபோது பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, “நீங்களும் சேந்து அவளுக்கு ஆசை காட்டுறியள்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பல நாள் எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. அவர் சொன்னது உண்மையாக இருந்தால்?

அந்த மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலை, பாடம் நடந்துகொண்டிருந்தபோது அக்கா வாசலில் நின்றா. பக்கத்தில் தலைமயிர் ஒட்ட வெட்டிய, மெலிந்த, உயரமான ஒருவர். நான் என்னை அறியாமல் எழுந்து போய் அவருடைய வலப்பக்கமாக நின்றேன். அவர் சிரித்தார்.

தெற்கே ஒரு முகாமில் வைத்திருந்தார்களாம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து பெயர்களை வாசித்தாராம். “என்ர பேர் எனக்குக் கேக்கேல்லை, ரீச்சர். என்ர கேக்காத காதுதான் அவற்ற பக்கம் இருந்தது. அந்த மனிசன் தாளைப் பாத்திட்டு, வரிசையைச் சுத்தி வந்து ஒவ்வொருத்தற்ற வலது காதுக்குக் கிட்டவும் கூப்பிட்டவர்.” அவர் அதைச் சொல்லும்போது அக்கா வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றா. கண் மட்டும் நிறைந்திருந்தது.

கதை தீவெல்லாம் பரவியது. நான் எழுதினால் ஆள் வரும் என்று பேச்சு. புங்குடுதீவிலிருந்து, நயினாதீவிலிருந்து, நெடுந்தீவிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். கடல் கடந்து வருகிறவர்கள் குறிகட்டுவான் துறையில் இறங்கி, பஸ் பிடித்து, வெயிலில் வந்து பள்ளிக்கூட மதிலோரம் காத்து நிற்பார்கள். எல்லோருக்கும் நிகழ்காலத்தில் எழுதினேன். இருக்கிறார், பேசுகிறார், சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது. முதலாமவர் வந்த மாதிரி இன்னொருவரும் வரவில்லை. பஸ் சத்தம் கேட்டால் வகுப்பை விட்டு யன்னலுக்குப் போய்விடுவேன். பிள்ளைகளின் கொப்பிகளில் காலம் தவறினால் வட்டம் போடுவதையும் நிறுத்திவிட்டேன். தலைமை ஆசிரியர் காரணம் கேட்டபோது கொப்பிகளை அடுக்கத் தொடங்கினேன்.

தொண்ணூறுகள் தொடங்கும்போது, தீவை விட்டுச் சனம் கிளம்பத் தொடங்கியிருந்த நேரம், ஒரு தாய் இரண்டாந்தரம் வந்தா. சாட்டிக் கடற்கரைப் பக்கம் போன மகன் திரும்பவில்லை என்று முன்பு எழுதுவித்துக்கொண்டு போனவ. என் பிரதியை நான் வைத்திருந்தேன்.

“மாத்தி எழுதித் தாங்கோ, பிள்ளை. இருந்தவன் எண்டு. அவனுக்குச் செய்யவேண்டியது ஒண்டும் செய்யாமல் நான் இந்த இடத்தை விட்டுப் போக ஏலாது.”

“யோசிச்சுத்தான் சொல்லுறியளோ, அம்மா?”

“ஓம்.”

வரி வரியாக மாற்றினேன். மாற்றிய ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லச் சொன்னா. மெலிந்தவனாக இருந்தான். ஓம். சைக்கிள் நன்றாக ஓடினான். ஓம். மாம்பழம் பிடித்திருந்தது. இதற்கு மட்டும் கொஞ்சம் தாமதித்து, ஓம். எல்லாம் முடிந்து முதல் வரிக்கு வந்தேன். நான் அவனுடைய தாய் என்று தொடங்கும் வரி. தமிழில் அந்த வரிக்கு வினைச்சொல்லே தேவையில்லை. ஆங்கிலம் அப்படி விடாது. ஏதாவது ஒரு காலத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன்.

“என்ன பிள்ளை, நிப்பாட்டிப் போட்டியள்?”

விளக்கினேன். அவ தாளை எட்டிப் பார்த்தா. வாசிக்கத் தெரியாது, ஆனாலும் நான் காட்டிய இடத்தில் விரலை வைத்தா.

“அது மாறாது தானே. அதை விடுங்கோ.”

விட்டேன். தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பஸ் போய்விடும் என்று அவசரமாக நடந்து போனா.