கலந்துபோன கொழுந்து

எங்கள் பட்டப்படிப்பு எதிலிருந்து தொடங்கியது என்று கேட்டால், ஒரு சாக்கில் இருந்துதான் என்று சொல்வேன்... பச்சைக் கொழுந்தின் ஈர வாசனை அடிக்கும் சாக்கு.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பதுளையில், எங்கள் பல்கலைக்கழகத்தில், மரபணுக்களைக் கம்ப்யூட்டரில் ஆராயும் பயோஇன்போமெட்டிக்ஸ் பட்டப்படிப்பு தொடங்க முயன்றுகொண்டிருந்தோம். துறைத்தலைவர், நான், சில பழைய கம்ப்யூட்டர்கள். கொழும்பிலிருந்து ஒரு குழு வந்து பார்த்து ஒப்புதல் தரவேண்டும். தராவிட்டால் அத்தோடு முடிந்தது.

துறைத்தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். "இதை ஏன் பதுளையில படிப்பிக்கிறியள் எண்டு கேப்பினம். என்ன காட்டப் போறம், பிள்ளை?"

"தேயிலையக் காட்டுவோம் சேர்."

ஹாலிஎலப் பக்கத் தோட்டத்தில் என் அக்கா கொழுந்து பறிக்கும் வேலையில் இருந்தாள். அவளிடம் இரண்டு பை கொடுத்து, தனித்தனியாகப் பறித்துவரச் சொன்னேன். ஒன்றில் பழைய விதைத் தேயிலை. மற்றதில் வீ.பி. தேயிலை. விதையில் முளைத்த ஒவ்வொரு செடியும் தனிப்பிறவி. வீ.பி. அப்படியில்லை, ஒரே தாய்ச்செடியின் தண்டுகளை வெட்டி மலை முழுக்க நட்டது. அந்த வித்தியாசத்தை மரபணுவில் காட்டுவதுதான் திட்டம்.

அக்கா ஒரே சாக்காகக் கொண்டுவந்தாள்.

"என்னக்கா இது?"

"நிறுவைக்குக் கொட்டுற மாதிரி எல்லாத்தையும் ஒன்னாக் கொட்டிட்டேன்டி. கை பழகிருச்சு. ஒங்க கம்ப்யூட்டருக்கு எல்லாந் தெரியும்னியே, அதையே பிரிக்கச் சொல்லு."

கோபம் வந்தது. பிறகு சிரிப்பு. பிறகு...

ஏன் கூடாது?

இலை இலையாக எடுத்து எண் போட்டு அனுப்பினோம். கொழும்பு ஆய்வுகூடம் ஒவ்வொன்றின் மரபணுவிலும் ஒரு துண்டை வாசித்துத் திருப்பி அனுப்பியது. நான்கே எழுத்துகள், நீண்ட நீண்ட வரிகள். போன் கம்பியில் ஓடிய டயல்-அப் இணையத்தின் கரகரப்பில் அவை இறங்கி முடியும்வரை ஆபீசில் யாரையும் போன் எடுக்க விடவில்லை.

இறங்கி முடிந்தபோது குழு வந்து உட்கார்ந்துவிட்டது. ஒத்திகை இல்லை. இலைகளை ஒப்பிடும் புரோகிராமை அவர்கள் முன்னால்தான் முதன்முதலாக ஓட்டினேன்.

எந்த இலைக்கு எது நெருங்கிய உறவு என்று காட்டும் மரப்படம் திரையில் கிளை கிளையாக விரிந்தது. ஆளுக்கொரு பக்கமாக... ஓரிடத்தில் மட்டும் ஒரு கொத்து இலைகள், ஓர் எழுத்துகூடப் பிசகாமல், ஒன்றாக.

"அதுதான் வீ.பி.," என்றேன். இரண்டு தேயிலையும் ஒரே சாக்கில் கலந்து வந்ததையும் சொன்னேன்.

குழுவில் இருந்த அம்மையார் எழுந்து திரைக்கு அருகில் வந்தார். "யார் இப்படிக் கலந்தது?"

"எங்க அக்கா."

துறைத்தலைவர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

அம்மையார் சிரித்தார். "இதையே முதல் செய்முறை வகுப்பாக வையுங்கள்."

இப்போது என் மாணவர்களுக்கு எல்லாம் நொடியில் இறங்குகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை. நல்லதுதான்... ஆனாலும் அந்தக் கரகரப்பு இன்னும் காதில் இருக்கிறது.

குழு வந்துபோன அன்று மாலையே ஹாலிஎல பஸ்ஸில் ஏறினேன். அக்காவிடம் வெறும் சாக்கைக் கொடுத்து, முதல் வகுப்புக்கு மறுபடியும் கலந்தே கொண்டுவரச் சொன்னேன்.