முதல் குரூப்பில் அடிக்கப்பட்ட இரண்டு பெயர்கள்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த வருடங்களில் நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பத்தாவது முடித்து பிளஸ் ஒன் சேர வரும் பிள்ளைகளுக்கு எந்த குரூப் எடுக்கலாம் என்று சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. கணக்கும் அறிவியலும் சேர்ந்தது ஃபர்ஸ்ட் குரூப். வரலாறு, பொருளியல் என்றால் தேர்டு குரூப். அறிவியல் எடுக்காதவளுக்கு டாக்டர் படிப்பும் இன்ஜினியர் படிப்பும் அன்றோடு முடிந்துபோகும்.

அந்த ஜூனில் கல்வராயன் மலையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவரும் அரசு விடுதிப் பிள்ளைகள், நல்ல மார்க். நெட்டையாக இருந்தவளிடம் ஏன் கணக்கு என்று கேட்டேன். "கணக்குல யாரும் மார்க்கைக் கொறைக்க முடியாது டீச்சர். சரின்னா சரிதான்" என்றாள். மற்றவள் மெல்லப் பேசுகிறவள். தவளையை அறுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். இருவரையும் ஃபர்ஸ்ட் குரூப்பில் எழுதினேன்.

செப்டம்பரில் போராட்டக்காரர்கள் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டார்கள். உளுந்தூர்பேட்டை பக்கமிருந்தும் மலைப் பக்கமிருந்தும் ஒரு வண்டிகூட வரவில்லை. சில நாள் முன்னால் லீவுக்கு மலைக்குப் போயிருந்த இருவரும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். ஊருக்குள் இருந்த பிள்ளைகளை வைத்துக் காலாண்டுத் தேர்வை நடத்தி முடித்தோம்.

அதற்கடுத்த வாரம் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். மலைப் பெண்கள் இருவர் பெயர்களும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன. தேர்டு குரூப் பதிவேட்டின் கடைசியில் அதே சிவப்பு மையில் ஏறியிருந்தன.

தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டேன். "பத்து நாளா ஆளையே காணோம், காலாண்டும் எழுதலை. மலைப் பிள்ளைங்க இதுல தாக்குப் பிடிக்காதுங்க. ரிசல்ட் கம்மியானா யாரு பதில் சொல்றது, நீங்களா?" என்றார்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஆறு பேரும்கூடத்தான் அந்தத் தேர்வை எழுதவில்லை. அவர்கள் பெயரில் ஒரு கோடுகூட இல்லை. அதைச் சொன்னேன். அவர் ஃபைலைப் புரட்டத் தொடங்கிவிட்டார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. ஆனாலும் வெளியே வந்துவிட்டேன்.

ஸ்டாஃப் ரூமில் டீ குடித்தபடி யாருக்கு எத்தனை சதவீதம் என்று வாதம் நடந்துகொண்டிருந்தது. அங்கேதான் கத்தினேன். மலை சனங்களுக்கென்று காலேஜில் இடம் ஒதுக்கியிருக்கிறது, அந்த இடத்துக்குப் போகிற பாடத்தை இங்கேயே பிடுங்கிக்கொள்கிறோம், நாளைக்குத் தகுதியான ஆளே வரவில்லை என்று நாமே சொல்லுவோம் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மணி அடித்ததும் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து நெட்டைப் பெண் அப்பாவோடு வந்து நின்றாள். மலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கி, அங்கிருந்து இங்கே வரைக்கும் நடை. வழியில் கிடந்த புளிய மரங்களை ஏறித் தாண்டி வந்திருக்கிறார்கள். அறுந்த செருப்பு அவள் கையில் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவள் அப்பா, "பெரிய டீச்சரு ரூமு எதும்மா?" என்று கேட்டார்.

நான் கதவோரம் நின்றேன். தேர்டு குரூப்பும் நல்ல படிப்புதான் என்று தலைமையாசிரியை நிதானமாக விளக்கினார். அப்பா முழுவதையும் கேட்டு முடித்தார்.

"சரிங்கம்மா. மலைப் பொண்ணுக்குக் கணக்கு கெடையாதுன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. கலெக்டர்கிட்ட காட்டிக்கிறேன்."

"அப்படியெல்லாம் எழுதித் தர முடியாதுப்பா."

"வாயால சொல்றீங்க, எழுத மாட்டேன்றீங்களே, இன்னாங்கம்மா நாயம் இது? எழுதுற வரைக்கும் இங்கியே குந்திக்கினு இருக்கேன்."

சொன்னபடி வாசலில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டு மணிக்குப் பிறகு பதிவேடு என்னிடம் வந்தது. அவள் பெயர் பழையபடி ஃபர்ஸ்ட் குரூப்பில் ஏறியிருந்தது.

அந்த ஒரு பெயர்தான். அதற்குக் கீழே மற்றவளின் பெயர் மேல் சிவப்புக் கோடு அப்படியே கிடந்தது. அந்த நிமிஷமே நான் உள்ளே போயிருக்க வேண்டும். தலைமையாசிரியை இறங்கி வந்திருந்த நேரம், ஒரு வார்த்தை போதும். அவள் வீட்டிலிருந்தும் யாராவது வருவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பதிவேட்டை மூடினேன்.

யாரும் வரவில்லை. அவளுக்கு அப்பா இல்லை, அம்மா கூலி வேலையை விட்டுவிட்டு இறங்கி வர முடியாது என்று பின்னால்தான் தெரிந்தது. பஸ் ஓட ஆரம்பித்ததும் தனியாக வந்தாள். போகச் சொன்ன வகுப்பில் போய் உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை.

நெட்டைப் பெண் பிளஸ் டூ தேறி, இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்து, இப்போது அரசு வேலையில் இருக்கிறாள்.

தலைமையாசிரியை ஓய்வு பெற்றபோது நடந்த விழாவில், பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டினார்கள். பொங்கலோடு நின்றுபோனவள் எந்த விகிதத்திலும் வரமாட்டாள். நான் கைதட்டவில்லை. பக்கத்தில் இருந்த டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு கோபத்துக்கும் என்னால் முடிந்தது அதுதானா என்று நினைக்க நினைக்க, தலைமையாசிரியையைவிட என் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. இன்னும் அது ஆறவில்லை.