மல்லியைத் தேடும் காட்சி

புதுக் கதை ஒன்றை அனுப்பினால் எங்கள் இயக்குநர் முதலில் கேட்கும் கேள்வி, "தங்கச்சி, இதுல சமையல் சாமான் ஏதும் வருதா?" என்பதுதான். கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் முதல் தடவை சமையல் சாமான் பேச்சு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில், மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன.

கரவனெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், பிறந்து வளர்ந்து வேலை செய்கிற உரிமையில் சொல்கிறேன், தோட்டத்தை நடத்தும் துரை கோபித்துக்கொள்ள வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. பால் வெட்டப் போகும் தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மத்தியானச் சோறு ஊட்டியபிறகு எல்லாம் ஒன்றாகக் கண்ணயரும். அந்த நேரத்தில்தான் போனை எடுத்து எழுதுவேன். ஒன்று எழுந்து அழுதால் போதும், மொத்தக் காம்பராவும் கச்சேரி ஆரம்பித்துவிடும். அதனால் என் காட்சிகள் எல்லாமே சின்னச் சின்னதாக இருக்கும். இயக்குநர் அதைப் பெரிய நுட்பம் என்று பாராட்டினார். நான் மறுத்துப் பேசவில்லை.

அவர் குழு கொழும்பில் இருக்கிறது. தமிழில் குறுநாடகங்கள் எடுத்துத் தொலைக்காட்சிக்குக் கொடுக்கிறார்கள். புதியவர்களிடம் கதை கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு அறிவித்தல் சுற்றியது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் வேறெப்படிப் பார்ப்பதாம்? இருப்பது ஒற்றை அறைக் காம்பரா, ஒரு டிவி. ஒரு மாதிரியான காட்சி வந்தால் அம்மாவுக்கு அடுப்பு ஞாபகம் வரும், அப்பாவுக்கு வெளியே மழை வருகிறதா என்று பார்க்கத் தோன்றும். இந்த விஷயத்தில் எனக்குத் தெரியாத எதைக் கொழும்பு சொல்லித்தரப் போகிறது என்ற திமிரில் ஒரு கதையை எழுதி அனுப்பினேன்.

அப்பா ஏசியதால் கோபித்துக்கொண்டு ஒரு சின்னப் பையன் வீட்டைவிட்டுப் போய் ரப்பர் மரங்களுக்குள் ஒளிந்துகொள்கிறான். வீடு முழுக்க அவனைத் தேடுகிறது. பொழுது சாயும்போது திரும்பி வருகிறான். கதை இவ்வளவுதான். அதை அம்மாவிடம் சொன்னதும் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இது நம்ம வீட்டுக் கதை தானே?" என்று கேட்டாள். "கதைன்னா கதைதான், சும்மா இரும்மா" என்றேன். அவள் சும்மா இருந்தாள். அவள் கண்தான் சும்மா இருக்கவில்லை.

என் தம்பி குருவிட்டவில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறான். அங்கேயே ஒரு சிங்களப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அப்பாவுக்கு அவள் சிங்களப் பெண் என்பது ஒரு குறையே இல்லை. அவருடைய சிநேகிதர்களில் பாதிப்பேர் சிங்களவர்கள், சீட்டாடும்போது அவர் கோபப்படுவதே சிங்களத்தில்தான். அவருக்கு வலித்தது வேறு. "கையெழுத்து வச்சிட்டு வந்து சொல்றான் பாரு. கேட்டிருந்தா நானே முன்னால நின்னு கட்டி வச்சிருக்க மாட்டேனா?" என்றார். அன்றைக்குக் கோபத்தில் "இந்தப் படி ஏறாத" என்று சொல்லிவிட்டார். அவனும் அப்பா பிள்ளைதானே, ஏறவே இல்லை. அவராகக் கூப்பிடட்டும் என்று அவன், அவனாக வரட்டும் என்று இவர். நடுவில் அம்மா. நான் மட்டும் அவ்வப்போது திருட்டுத்தனமாகப் போனில் பேசுவேன். அம்மா பக்கத்தில் வந்து நின்று கேட்பாள், பேச மாட்டாள். பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் உங்கப்பாவுக்குக் கேட்கும் என்பாள். கல்யாணம் ஆகிப் பெரிய மழை ரெண்டு வந்து போயிற்று. அவன் பேரை எடுக்கிற தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.

இயக்குநருக்குக் கதை பிடித்திருந்தது. திரைக்கதை எப்படி எழுதுவது என்று போனிலேயே சொன்னார். "'அம்மா கவலைப்பட்டாள்'னு எழுதியிருக்கீங்க. கவலையைக் கேமராவுக்கு எப்படிக் காட்டுறது? கவலையில என்ன செஞ்சாங்கன்னு எழுதுங்க." அது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கவலைப்படும் அம்மா என்ன செய்வாள் என்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்! அதனால் கடைசிக் காட்சியை இப்படி எழுதினேன்: "வீட்டுக்குள். மாலை. அம்மா மல்லியைத் தேடுகிறாள். அடுப்படியில் பார்க்கிறாள். இல்லை. கட்டிலுக்குக் கீழே பார்க்கிறாள். இல்லை. வாசலுக்கு வருகிறாள். மல்லியைக் கண்டதும் அழுகிறாள்."

மற்றக் காட்சிகளில் எல்லாம் பையனுக்கு ஒழுங்காக ஒரு பேர் வைத்திருந்தேன். இதை எழுதும்போது மட்டும் கை தன்பாட்டில் வீட்டுப் பழக்கத்துக்குப் போய்விட்டது. மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் தம்பி மல்லிதான், தங்கச்சி நங்கிதான். நான் சின்னதில் அப்படிக் கூப்பிட்டதைப் பார்த்து அம்மாவும் அப்பாவும்கூட அவனை மல்லி என்றே கூப்பிட்டார்கள். அது வேறு மொழிச் சொல் என்றே எனக்குத் தோன்றியதில்லை. தம்பி என்று நாங்கள் சொல்வது பஸ் கண்டக்டரைத்தான்.

படப்பிடிப்பு எங்கள் லயத்திலேயே நடந்தது. கொழும்பிலிருந்து வேன்கள் வந்தன. அம்மாவாக நடிக்க மேடை நாடகங்களில் பழகிய ஒரு அம்மா வந்திருந்தார். பையனாக நடித்த பிள்ளை கெட்டிக்காரன், சொன்னதும் ஓடினான், சொன்னதும் ஒளிந்தான். மத்தியானமே அவன் வேலை முடிந்தது என்று சொல்லி அவன் தாயோடு ஒரு வேனில் அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. நான் பின்வாசலில் லயத்துப் பெண்களோடு எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும்போது கடைசிக் காட்சி. நான் தேத்தண்ணியோடு உள்ளே போனால், பொருட்கள் ஏற்பாடு செய்யும் பையன் ஒரு பெரிய பொட்டலத்தைப் பிரித்து டப்பாவில் கொட்டிக்கொண்டிருக்கிறான். கொத்தமல்லி. நல்ல வாசம்.

"இது என்னத்துக்குங்க?" என்றேன்.

"அம்மா தேடுற மல்லி" என்றான்.

நடிகை அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கதானே எழுதினது? நானும் காலையில இருந்து யோசிக்கிறேன். கொத்தமல்லி கிடைச்சதுக்கு நான் ஏன் அழணும்? அதையும் கட்டிலுக்குக் கீழ வேற தேடுறேன்."

"அதுதாம்மா குறியீடு" என்றார் இயக்குநர். "பிள்ளைக்குக் காய்ச்சல்னா அவிச்சுக் குடுக்க மல்லிகூட இல்லாத வீடு. வறுமை. பையன் திரும்பி வர்றதைக் காட்டாமலே முடிச்சிருக்காங்க, அருமை."

தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தேன். "சேர், மல்லின்னா தம்பி சேர்" என்றேன்.

அப்போதுதான் வாசலுக்குப் போய் நின்று அவர் அந்தச் சத்தம் போட்டார். "மல்லின்னா தம்பியா? இது என்ன தமிழ்? பையனை அனுப்பியாச்சே! இத்தனை பேரை இன்னொரு தரம் இங்க இழுத்திட்டு வர என்னால முடியாது. நாடகமே போச்சு!" அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. என் முதல் நாடகம் கொத்தமல்லியில் கவிழ்ந்து கிடந்தது.

நான் அழுமூஞ்சி இல்லை, சண்டைக்காரி. கோபத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யும். "பையன் வேணாம் சேர்" என்றேன். "வந்தான்னு காட்டவே வேணாம். எல்லா எடத்துலயும் தேடிட்டு, அம்மா வாசல்ல நின்னு ஒரு தடவ கூப்பிடட்டும். அதோட முடிங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். முகம் தெளிந்தது. "சரி, செய்யலாம். ஆனா தம்பின்னு கூப்பிடணும்."

"இல்லீங்க சேர், மல்லின்னுதான்."

"யாழ்ப்பாணத்துல, மட்டக்களப்புல பாக்கிறவங்களுக்கு எப்படிப் புரியும்? இந்தம்மா கறிக்கு மல்லி கேக்குறாங்கன்னு நெனைப்பாங்க!"

"நாங்க மட்டும் டிவியில வார எல்லாத் தமிழையும் புரிஞ்சுக்கிறோம்ல? அவங்களும் ஒரு சொல்லப் பழகிக்கட்டுமே!"

நடிகை அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தார். வாசலில் தேத்தண்ணிக் கேத்தலோடு நின்ற என் அம்மாவைப் பார்த்து, "அக்கா, நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க? ஒரு தரம் கூப்பிட்டுக் காட்டுங்களேன், நான் கேட்டுக்கிறேன்" என்றார்.

அவருக்கு எங்கள் வீட்டு விஷயம் எதுவும் தெரியாது. சுற்றி நின்ற லயத்து ஆட்களுக்கு எல்லாம் தெரியும்.  அம்மா என்னைப் பார்த்தாள். "வேணாம் புள்ள, எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, கேத்தலைக் கீழே வைத்தாள். வாசற்படியில் போய் நின்றாள். ரோட்டைப் பார்த்து, "மல்லீ... எங்கடா இருக்க? வீட்டுக்கு வாடா..." என்று கூப்பிட்டாள்.

நாடகத்துக்குக் கூப்பிட்ட குரல் இல்லை அது. அத்தனை நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்த சொல். பக்கத்துக் காம்பரா அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.  இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதையேதான் கூப்பிடணும், ஒரு எழுத்து மாறக்கூடாது" என்று நடிகை அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். பிறகு போய், அப்படியே கூப்பிட்டார். மழை கொட்டுவதற்குள் எடுத்து முடித்துவிட்டார்கள். அந்த இருவருக்கும் நான் எத்தனை தடவை நன்றி சொன்னாலும் போதாது. கூச்சல் போட்ட வாயாலேயே தப்பை மாற்றிக்கொள்கிற மனுசரையும், தெரியாத ஒருத்தியின் குரலுக்கு இடம் விட்டு நின்ற ஒரு நடிகையையும் முதல் நாடகத்திலேயே பார்க்கிற அதிர்ஷ்டம் எல்லோருக்கும் கிடைக்குமா?

அப்பா அன்றைக்கு ஊரில் இல்லை, பெல்மதுளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். அம்மா கூப்பிட்ட கதையை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பானது. மல்லிக்கு மெசேஜ் போட்டேன். பெருவிரல் படம் ஒன்று அனுப்பினான், அவ்வளவுதான். எங்கள் காம்பராவில் கால் வைக்க இடமில்லை, அரைவாசி லயம் உள்ளேதான். திரையில் எங்கள் படி, எங்கள் சுவர், எங்கள் ஆடுகள். ஆட்டைக் கண்டதும் கைதட்டினார்கள். கடைசியில் அந்த அம்மா வாசலில் வந்து நின்றார். "மல்லீ... எங்கடா இருக்க? வீட்டுக்கு வாடா..."

யாரும் கைதட்டவில்லை. அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து சவர்க்கார விளம்பரம் வந்தது. அதையும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் மெதுவாக எழுந்து ஒவ்வொருவராகப் போனார்கள்.

அப்போது என் போன் அடித்தது. மல்லியின் நம்பர். எடுத்தால் அவன் மனைவி. அவளுக்குத் தமிழ் வராது, நாடகம் முழுக்கப் பார்த்தும் கதை பாதிதான் விளங்கியிருக்கும். இயக்குநர் யாருக்கும் புரியாது என்று பயந்த அந்த ஒரு சொல்தான் அவளுக்கு முழுசாகப் புரிந்திருக்கிறது, அது அவள் சொல்.

"அக்கே, அம்மா மல்லிட்ட கதா கலா நேத?" என்றாள். அம்மா மல்லியைக் கூப்பிட்டாங்கதானே என்கிறாள். "மெயா அண்டனவா." இவர் அழுகிறார் என்கிறாள். பிறகு, நாங்கள் வரலாமா என்று கேட்டாள். கேட்கும்போது அவளும் அழுதாள்.

 அவள் குரல் அந்தச் சின்னக் காம்பராவில் எல்லோருக்கும் கேட்டது. அம்மா எழுந்து டிவியை நிறுத்தினாள். அப்பா கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

"என்ன துவே, என்ன" என்றார் அப்பா. சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாங்க'. வா மகளே, வா என்கிறார். துவே என்று அவளை அவர் கூப்பிட்டதே அதுதான் முதல் தடவை.

அந்தப் பக்கம் போன் கை மாறியது. "அப்பா..." என்றான் மல்லி. "நான் வரலாமாப்பா?"

 "நான் என் மகளத்தாண்டா கூப்பிட்டேன்" என்றார் அப்பா. "அவளுக்கு இங்க வழி தெரியாதுல்ல. நீ கூட்டிக்கிட்டு வா."