வாசலில் கிடந்த செருப்புகள்

பிரஷர் மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறவன் நான். அரிமளம் பக்கம். எந்த ஊர் என்று கேட்காதீர்கள் — ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண். வளர்மதி என்று வைத்துக்கொள்வோம். கணவர் குவைத்தில். மடியில் ஒரு ஃபைல். அதன் ஓரத்தை விரல்கள் சுருட்டுவதும் நீவுவதுமாக இருந்தன. ரிசல்ட் வாங்க வந்திருக்கிறார். பயம் வந்தால் சிலருக்குப் பேச்சு வரும். அவருக்கும் வந்தது.

இரண்டு மாதம் முன்பு இங்கே மார்பகப் பரிசோதனை முகாம். வளர்மதிக்குச் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. அடுத்த வாரம் வரச் சொன்னார் டாக்டர். அதற்குள் நிலையத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் படம் வந்துவிட்டது. மேலே பேனர்... கீழே வரிசையாகப் பெண்கள், அவர்களில் வளர்மதியும்.

நம் அரசுப் பக்கங்களைப் பார்க்கிறோமே! வேலை நடந்ததா என்பதைவிட, நடந்ததற்குப் படம் இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. குத்துவிளக்கு, பொன்னாடை, வரிசையில் ஜனம். லைக் போடுவது யார்? படத்தில் இருப்பவர்களேதான்.

இந்தப் படம் மட்டும் குவைத் வரை போனது. அன்று சாயங்காலமே போன். “ஊரே பாக்குற மாதிரி ஒனக்கு என்ன நோவு? நாளைக்குப் புள்ளைக்கு மாப்ள பாக்க வேணாமா?”

வளர்மதி அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கட்டி மட்டும் அங்கேயே இருந்தது. அடுத்த முகாமுக்கு ஊரில் ஒரு பெண்கூட எட்டிப் பார்க்கவில்லை.

படம் போட்டவர் நர்ஸ் ஜெசிந்தா. ஆவூர்க்காரர். விஷயம் தெரிந்ததும் படத்தை எடுத்தார். வளர்மதி வீட்டுக்கும் போனார். கதவு திறக்கவில்லை. ‘ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அவரோ, கதவு இங்கே இருந்தாலும் சாவி கடல் தாண்டி இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

ஊர்த் திருவிழாவை லைவில் பார்க்க வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். அதில் ஜெசிந்தாவின் ஆடியோ ஒன்று போனது. பேனர் இல்லை, பின்னணி இசை இல்லை. வெறும் குரல்.

“அண்ணே, ஒங்க வீட்டுல உள்ளவங்க படத்தக் கேக்காமப் போட்டது என் தப்பு. இனிமே போட மாட்டேன். உள்ள நானும் லேடி டாக்டரும் மட்டுந்தான் இருப்போம். பத்து நிமிஷ வேலை. இன்னைக்குப் போன் பேசுறப்ப ‘போயிட்டு வா’ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

மன்னிப்புக் கேட்கும் அரசு விளம்பரத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

மூன்றாவது முகாமில் நாற்காலி போதவில்லை. மேலிடத்துக்கு வழக்கம்போலப் படம் வேண்டும். ஜெசிந்தா என்ன செய்தார் தெரியுமா? பரிசோதனை அறை வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளைப் படம் எடுத்தார். தேய்ந்தது, ஊக்கு குத்தியது, புதுசு... ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, காதோடு காதாக ரகசியம் பேசுகிற மாதிரி. அதுதான் ரிப்போர்ட்டுக்கும் போனது, ஃபேஸ்புக்குக்கும் போனது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வளர்மதியை உள்ளே கூப்பிட்டார்கள். என் மாத்திரை வந்துவிட்டது. எழுந்து போக மனம் வரவில்லை.

திரும்பி வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டே, “சாதாரணக் கட்டிதானாம்ணே” என்றார். கண் கலங்கியிருந்தது.

இந்தக் கதையை எழுதட்டுமா என்றேன். “எழுதுங்க. பேரு மட்டும் வேணாம்” என்றார். நீங்கள் முகாமுக்குப் போக உங்கள் கணவர் சம்மதித்தாரா என்று கேட்டேன். குனிந்து தன் செருப்பின் நீல வாரைப் பார்த்தார். லீவில் வந்தபோது அவர் வாங்கி வந்ததாம்.

“அந்தப் படத்தப் பாத்ததும் போன் அடிச்சாரு. ‘நீல வாரு நம்மளுதுதானே... போயிட்டியா, நல்லது’ன்னாரு.”

முகமே இல்லாத படம்தான். ஆனால், சேர வேண்டிய ஆளுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது!