சனிக்கிழமை டி-சர்ட்

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் எங்கள் தையல் லைனுக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தார். எந்நேரமும் வாயில் பாக்கு, கையில் போன். டி-சர்ட் விற்கும் ஆன்லைன் கடைகள் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. புது டிசைன் வந்தால் இரண்டு விரலால் படத்தை விரித்து, எழுத்தின் ஓரம் வரைக்கும் ஆராய்வார். தள்ளுபடி போட்டதும் வாங்கி, சனிக்கிழமை மாட்டிக்கொண்டு வருவார்.

அப்படியொரு சனிக்கிழமை டீ நேரத்தில், பேரணாம்பட்டிலிருந்து என் தம்பி படத்தோடு செய்தி அனுப்பியிருந்தான். அப்பா இல்லாத எங்களை வளர்த்த பெரியப்பா போய்விட்டார். சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

"சார், பெரியப்பா செத்துட்டாரு. லீவு வேணும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தன் மார்பைத் தட்டிக் காட்டினார். டி-சர்ட்டில் அச்சாக அதே வார்த்தைகள். கீழே கண்ணடிக்கும் ஒரு பொம்மை.

"இத்தப் பாத்துட்டுதானே சொல்ற?"

"நிஜமா சார்" என்று போனை நீட்டினேன். ஐஸ் பெட்டிக்குள் மாலையோடு பெரியப்பா. அவர் இரண்டு விரலால் அந்த முகத்தை விரித்தார். மூக்கில் வைத்த பஞ்சு வரைக்கும் ஆராய்ந்தார்.

"சரி, போ. திங்கக்கெழம வந்துடணும். ஆர்டர் ஜாஸ்தி."

போனைத் துப்பட்டாவில் துடைத்தேன். பஸ்ஸில் ஏறி மறுபடியும் துடைத்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் அதே டி-சர்ட், இஸ்திரி போட்டு. என் மிஷின் பக்கம் வந்து குனிந்தார்.

"இதுல ஒண்ணு வாங்குனா ரெண்டாவது பாதி வெலைக்குப் போட்டுருக்கான். உன் வூட்ல யாருக்காவது வேணுமா?"